ஆகாயத்துக் கொசுறு

திரவியம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து இதுவரை யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. தூத்துக்குடி வத்தல் மண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து பதப்பட்ட முகம் அது. நிறமும் நெடியும் கூடிய முதல்தரமான மிளகாய் வத்தலைக் கையில் அள்ளிப் பார்க்கும்போதும், கடைவாய்ப் பல் வலிக்கிறவர் போலத்தான் இருப்பார். பிடித்திருக்கிறது என்று முகம் ஒரு தரம் உளறிவிட்டால், அப்புறம் நாக்கு எவ்வளவு புரண்டாலும் விலை இறங்காது. மண்டிக்கு எதிரே டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

வியாபார முகத்தைச் சாயங்காலம் சட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டு முகத்தை எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அண்ணாச்சியிடம் இருந்தது ஒரே முகம். கல்யாணப் போட்டோவில் மாலையும் கழுத்துமாக நிற்கும்போதும், எதிராளி இன்னும் கொஞ்சம் இறங்கி வரட்டும் என்று காத்திருப்பவர் போலவே இருக்கிறார். மகள் எப்சிபா விமானப் படையில் பைலட்டாகத் தேர்வாகி, துள்ளிக்கொண்டு வந்து சொன்னபோது, "பாப்போம்" என்றார். அவள் முதன்முதலாகப் போர் விமானத்தைத் தனியாக ஓட்டிவிட்டுப் போன் செய்தபோது, "பரவாயில்ல" என்றார்.

"நல்லாருக்குன்னு வாய் விட்டுச் சொன்னா பிள்ளைக்கு விலை கூடிருமோ?" என்று கேட்டாள் மனைவி ஜெபமணி.

அண்ணாச்சி காபியைக் குடித்தார். காபியும் பரவாயில்லை ரகம்தான்.

இத்தனைக்கும் மகளுக்கு அந்தப் பித்தைக் கொடுத்ததே அவர்தான். வருஷா வருஷம் கடற்கரையில் நடக்கும் விமான சாகசக் காட்சிக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். அந்தக் காலத்துக் காட்சிகளில் எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தன் கை நீட்டினால் கடற்கரை முழுக்கக் கழுத்தைத் திருப்பும். வருவது காக்காயாக இருக்கும். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிஜ விமானம் முதுகுப் பக்கமாக வந்து, சட்டைப் பொத்தான் அதிர, சுண்டல் பொட்டலம் கையை விட்டுப் பறக்க, போயே போய்விடும். பார்த்தது பாதி, கேட்டது மீதி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது எந்த ரகம் என்று சண்டை.

அப்புறம் சுரைக்காய் நீளத்துக்கு லென்ஸ் வைத்த ரசிகர்கள் வந்தார்கள். வாலில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையைப் போல விமானத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்து எல்லார் கையிலும் போன். தலைக்கு மேலே ஆகாயம் அத்தனை பெரிசாகக் கிடக்க, உள்ளங்கை அகலத்தில் அதைப் பார்த்து, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் முன்னால் நின்றவனின் பிடரிதான் பதிவாகியிருக்கும். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று தடுப்புக் கயிற்றைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் பார்க்கிறவர்கள் பாதி பேர் உப்பளத்துக்குள் நின்றார்கள். அதன் பிறகு விமானத்துக்குள் இருந்த ஆளையே எடுத்துவிட்டார்கள். தானே பறக்கும் விமானங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிசிறில்லாமல் வட்டம் போட்டன, கணக்காகப் பிரிந்தன, கணக்காகக் கூடின. கூட்டம் மெல்லக் கலைந்தது. சீலிங் ஃபேனுக்கு எத்தனை நாள் கை தட்டுவது?

மேலிடத்தில் கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: இவ்வளவு எரிபொருளை எரித்து ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்? அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு தனியார் கம்பெனி கொண்டுவந்து வைத்ததுதான் வியப்புமானி.

ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே ஒரு குட்டிக் கேமரா. கண்ணின் பாவை விரிகிறதா, தாடை தொங்குகிறதா, மூச்சு நிற்கிறதா, கழுத்து நரம்பு துடிக்கிறதா என்று பார்த்து, கூட்டத்தின் மொத்த வியப்பையும் ஒரு எண்ணாக்கி மேலே அனுப்பிவிடும். எண் இறங்கினால் விமானங்கள் தாமாகவே இன்னும் தாழ்வாக, இன்னும் ஒட்டி, இன்னும் கிறுக்குத்தனமாகப் பறக்கும். ஆளில்லாத விமானம்தானே, யாருக்குக் கழுத்து சுளுக்கப்போகிறது? அதிலும் பதிவு பெற்ற ரசிகர் மன்றத்தாருக்கு முதல் வரிசை. அவர்கள் முகத்துக்கு எடை ஜாஸ்தி. சுண்டல் தின்ன வந்தவர் எதற்கும் வாயைப் பிளப்பார்; விஷயம் தெரிந்தவர் பிளந்தால்தான் அது வியப்பு என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்.

அவர்களுக்குத் தூத்துக்குடியைத் தெரியாது.

வியப்புமானி வந்த முதல் வருஷம் அண்ணாச்சி எந்தத் திட்டமும் போடவில்லை. மன்றத்து ஆளாக முதல் வரிசையில் வழக்கமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆளில்லாத எட்டு விமானங்களும் பட்டியலில் உள்ள வித்தையெல்லாம் காட்டி முடித்தன. முதல் வரிசையில் பல்வலி. உடனே எட்டும் திரும்பி வந்து, அறிவிப்பில் இல்லாத ஒரு குட்டிக்கரணம் போட்டன. பல்வலி மாறவில்லை. ஒன்று தண்ணீரை உரசிக்கொண்டு வந்து எல்லார் மேலும் கடலைத் தெளித்துவிட்டுப் போனது.

பக்கத்து நாற்காலியில் சையது காக்கா. காயல்பட்டினத்துக் கல் வியாபாரி; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மாணிக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தெரிந்தவர். முதலில் அவருக்குத்தான் பொறி தட்டியது.

"ஓய் திரவியம்! அது நம்மகிட்ட பேரம் பேசுது ஓய்!"

அன்றிலிருந்து மன்றத்தில் அது எழுதாத சட்டம். காட்சி முடியும்வரை முதல் வரிசையில் யாரும் முகத்தை அசைக்கக் கூடாது. பட்டியலில் உள்ளது சரக்கு. அதற்கு மேல் கறப்பது கொசுறு. மற்ற ஊர்களில் அரை மணி நேரத்தில் முடியும் காட்சி தூத்துக்குடியில் மட்டும் முக்கால் மணி ஓடியது. வெளியூர் ரசிகர்கள் ரயில் பிடித்து வந்து பார்த்தார்கள். இவ்வளவு நல்ல விமானங்கள் இந்த ஊருக்கு மட்டும் எப்படி வருகின்றன என்று அவர்களுக்கு ஒரே பொறாமை.

இந்த வருஷம் புதுச் செய்தி. எல்லா ஊரிலும் வியப்பு சரிந்துகொண்டே போனதால், எட்டு ஆளில்லா விமானங்களுக்கு முன்னால் ஒன்பதாவதாக ஆள் ஓட்டும் விமானம் ஒன்றை விடப்போகிறார்கள். யார் ஓட்டுகிறார் என்பது தரையிறங்கிய பிறகுதான் அறிவிக்கப்படும். இரண்டு நாள் காட்சி.

ஓட்டப்போவது எப்சிபா. அண்ணாச்சிக்குத் தெரியும். காக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் கண் படும்.

முதல் நாள் பிற்பகல். உப்பளத்துக் காற்று, தலை தலையாகக் குடை, முதல் வரிசையில் மன்றத்தார் பன்னிரண்டு பேரும் துட்டி கேட்கச் சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டு சாம்பல் நிற விமானங்களுக்கு முன்னால் ஒரு ஆரஞ்சு விமானம் வந்தது.

"உள்ள ஆளு இருக்காம்ல," என்றார் காக்கா, உதடு அசையாமல். "ஆளில்லாததுகிட்டயே அவ்வளவு கறந்தோம். ஆளு இருந்தா விட்ருவோமா?"

"அதுக்கு புரோகிராம் தனி, காக்கா. எழுதிக் குடுத்ததை மட்டுந்தான் பறக்கும்," என்றார் அண்ணாச்சி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆரஞ்சு விமானம் செங்குத்தாக ஏறியது. உச்சியில் ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, தலைகீழாகக் கவிழ்ந்து, கடலை நோக்கி விழுந்து, கடைசி நேரத்தில் மனசு மாறியதுபோல் நிமிர்ந்தது. பின்னால் ஜனம் ஓவென்று கூவியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூவல். உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்த யோசிப்பிலேயே தெரிந்தது. அண்ணாச்சிக்கு நெஞ்சுக்குள் என்னவோ குதியாட்டம் போட்டது. முகத்தில் கடைவாய்ப் பல்.

பட்டியலில் இருந்ததெல்லாம் முடிந்தது. ஆளில்லாத எட்டும் மேலே ஓரமாய்ப் போய் வட்டமடித்தன. ஆரஞ்சு விமானம் இறங்கப் போகவில்லை. திரும்பி வந்தது, முன்னைவிடத் தாழ்வாக. மறுபடி திரும்பி வந்தது, அதைவிடத் தாழ்வாக.

"கொசுறு விழுது," என்றார் காக்கா திருப்தியாக.

அப்போதுதான் கழுத்தில் அடையாள அட்டை ஆட, கையில் டேப்லட்டோடு ஒரு பெண் மணலில் ஓடி வந்தாள். கம்பெனி இன்ஜினியர், சௌடேஸ்வரி. கோயம்புத்தூர்க்காரி என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"ஏனுங்க, மன்றத்துக்காரங்க நீங்கதானுங்களே? சித்த ஆச்சரியப்படுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ங்க!"

"சரக்கு நல்லாருந்தா பட மாட்டோமா?" என்றார் காக்கா.

"ஐயோ, வெளையாடாதீங்க. ஊரே எகிறிக் குதிக்குது. உங்க பன்னெண்டு பேரு மூஞ்சி மட்டும் முட்டை போட்டுட்டு இருக்குதுங்க. உங்களுக்கு எடை ஜாஸ்தி. நீங்க அசையாத வரைக்கும் மெசினு மேல கேட்டுட்டேதான் இருக்கும், இன்னும் கீழ வா, இன்னும் ஒட்டி வான்னு."

"ஆளு இருக்கிற விமானத்தையுமா?" அண்ணாச்சியின் குரல் கொஞ்சம் பிசகியது.

"அதுக்கு ஆளு இருக்குது, இல்லைன்னெல்லாம் தெரியாதுங்க. கேக்கும். பைலட்டுக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்னு ஒரு பட்டனை அழுத்தலாம். அழுத்திட்டா மெசினு அவங்களை விட்டுரும். அது இங்க என்ற டேப்லட்டுல வராதுங்க, கன்ட்ரோல் ரூமுக்குத்தான் தெரியும். ஆனா விமானம் இன்னும் இறங்கிட்டேதான இருக்குது? அப்ப அழுத்தலைன்னுதானுங்களே அர்த்தம்? அவங்க முன்னாடி ஒரு சின்னத் திரையில மானியும் இந்த முன் வரிசையும் தெரிஞ்சுட்டே இருக்கும். உங்க மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் பறக்கறாங்க."

"அவ அழுத்த மாட்டா," என்றார் அண்ணாச்சி. "பேரத்துல முதல்ல எந்திரிச்சுப் போற பழக்கம் எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது."

காக்கா மெதுவாகத் திரும்பினார். "உங்க வீட்டுலயா?"

"எப்சிபா, காக்கா. மேல இருக்கது எப்சிபா."

"அட பாவி மனுசா! சொல்லவேயில்லையே ஓய்! எங்க கண்ணு படும்னு நெனைச்சீரா?" என்று சீறிய காக்கா உடனே வரிசையைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் ஆச்சரியப்படுங்கப்பா! நம்ம திரவியம் மக!"

பன்னிரண்டு பேரும் ஆச்சரியப்பட முயன்றார்கள். அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் எதிரிக்கும் இரக்கம் வந்திருக்கும். ஒருவர் வாயை மட்டும் திறந்தார். பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல் இருந்தது. இன்னொருவர் புருவத்தை விரலால் தூக்கிப் பிடித்தார். காக்கா தான் வாங்கியதிலேயே உயர்ந்த மாணிக்கத்தை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தார். கல் மனசுக்குள் ஜொலித்தது. முகம் கூழாங்கல்லாகவே கிடந்தது. அண்ணாச்சி சிரித்தார். பாக்கி வசூலிக்க வந்தவரை வரவேற்கிற சிரிப்பு.

"போலியெல்லாம் கழிச்சுரும்ங்க!" சௌடேஸ்வரிக்கு அழுகை முட்டியது. "இன்னும் இறங்குதுங்க!"

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை உருவினார். "முகத்தையே மூடிருவோம். கணக்குல ஆளே இல்லன்னு ஆயிரும்லா?"

"மூடாதேயும் ஓய்!" காக்கா துண்டைப் பறித்தார். "கடையை விட்டு எறங்கினாத்தானே யாவாரி பின்னாலயே ஓடியாந்து விலையைக் குறைப்பான்? நாம கிளம்பிட்டோம்னு நெனைச்சுட்டா அது என்னெல்லாம் கேக்குமோ!"

"நெசந்தானுங்க," என்றாள் சௌடேஸ்வரி. "போன வருசம் வேறொரு ஊர்ல மழை வந்து எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க. எட்டு விமானமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே போச்சுங்க."

கடல் பக்கமிருந்து ஆரஞ்சு விமானம் மறுபடி வந்தது. தலைகீழாக. கலங்கரை விளக்கத்தின் விளக்கைவிடத் தாழ்வாக. அதன் நிழலும் அதுவும் ஒன்றையொன்று தொட்டுவிடத் துடிப்பதுபோல் நெருங்கிக்கொண்டே வந்தன. அந்தத் தலைகீழ்க் கண்ணாடிக்குள் ஒரு சின்னத் திரை இருக்கும். அதில் கடைவாய்ப் பல் வலிக்கிற ஒரு மூஞ்சி தெரியும். அந்த மூஞ்சியைத்தான் எப்சிபா பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணாச்சிக்குள் எங்கேயோ ஒரு மூட்டையின் தையல் விட்டது.

"எப்சீ!" என்று அலறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். "போதும்ட்டி! ஏ எப்சி, எறங்கி வாட்டி! ஒண்ணுமே வேண்டாம்ட்டி, நீ எறங்கி வந்தாப் போதும்!" கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல் விரிந்திருந்தன. தாடை ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். முகத்தில் இத்தனை வருஷமாக வெளியே விடாமல் வைத்திருந்த சரக்கெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது.

ஆரஞ்சு விமானத்துக்கு அசையாத மற்ற பதினோரு பேரும், அண்ணாச்சியின் முகம் அசைந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நிஜமாகவே பிளந்தார்கள். அப்படி ஒன்றை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

சௌடேஸ்வரி கையிலிருந்த டேப்லட் கீச்கீச்சென்று கத்தியது. எண் ஏறியது, ஏறியது, அளவுகோலைத் தாண்டி எங்கோ போய் நின்றது. ஆரஞ்சு விமானம் புரண்டு நிமிர்ந்து, இறக்கையை இரண்டு பக்கமும் ஒரு தரம் ஆட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக விமான நிலையத்தைப் பார்த்துப் போனது.

சாயங்காலம் வீட்டில் டீயும் மக்ரூனும். எப்சிபா காலை மடக்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காட்சி முடியும்வரை ஜெபத்தில் இருந்த ஜெபமணி, இப்போது மகளுக்கு மக்ரூனைத் திணித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சியின் போன் அடித்தது. சௌடேஸ்வரி.

"அண்ணாச்சிங்களா? உங்களுக்கு நன்றி சொல்லணும்ங்க. மானி பொறந்ததுல இருந்து அப்படி ஒரு நம்பரைப் பாத்ததே இல்லைங்க. கம்பெனில எல்லாரும் ஆடிட்டு இருக்காங்க."

"அது ஆச்சரியம் இல்லம்மா. பயம். ஈரக்கொலை நடுங்கிட்டு."

"மானிக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. கண்ணு விரியறதும் நாடி துடிக்கறதும் அதேதானுங்களே." அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "அதாங்க விசயமே. மெசினு கத்துக்கிடுச்சு. அடுத்த வருசத்துல இருந்து எந்த ஊர்ல பறந்தாலும் முன் வரிசை மன்றத்துக்கு இல்லைங்களாம். பைலட்டோட அப்பா அம்மாவுக்காம். வண்டி, ஓட்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு."

அண்ணாச்சி போனை வைத்தார். நல்ல சரக்கு எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த கம்பெனி. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எத்தனையோ ஊரில் எத்தனையோ அப்பாமார் இனிமேல் முதல் வரிசையில் இலவசமாக உட்காரப்போகிறார்கள்.

"ஏம்மா," என்றார் மகளிடம். "அந்தப் பட்டனை ஏன் அழுத்தல?"

"எந்தப் பட்டன்? வேண்டாம்ங்கிறதா?" எப்சிபா மக்ரூனைக் கடித்தாள். "அதை முதல்லயே அழுத்திட்டேனேப்பா. பட்டியல் முடிஞ்சதும் மெஷின் கேட்டுச்சு. போடா நீயும் உன் மானியும்னு அழுத்திட்டேன்."

"அப்போ அதுக்கப்புறம் பறந்தது?"

"அது மெஷினுக்கு இல்ல." திரையில் பார்த்ததை அவள் பாவனை செய்து காட்டினாள்: கன்னத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடி. அச்சு அசலாக அதே பல்வலி. "இது தெரிஞ்சுது. இவரு வாயைத் திறக்கட்டும், அப்புறம் எறங்குவோம்னு இருந்தேன். எனக்குன்னு ஒரு கோடு வச்சிருக்கேம்பா, அதுக்குக் கீழ போகமாட்டேன். கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. பாதியிலயே நீங்க விட்டுக்குடுத்துட்டீங்க."

 ஜெபமணி தகப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கர்த்தரே, என்னை எந்தக் கடையில கொண்டுவந்து உக்கார வச்சீரு!" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

"நாளைக்கு ரெண்டாவது நாள்," என்றாள் எப்சிபா. "அதனால கேக்குதேன். இன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு?"

"பர..." என்று பழக்கத்தில் நாக்கு கிளம்பிவிட்டது. எப்சிபா மக்ரூனைத் தட்டில் வைத்தாள்.

"நல்லா இருந்துச்சு!" அண்ணாச்சி பதறிப்போய் முன்னால் நகர்ந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. மேல போயி ஒரு நிமிசம் நின்னு யோசிச்சியே, அது... நான் பாத்ததுலயே... இங்க பாரு, எவ்வளவு நல்லாருந்துச்சுன்னு நீயே ஒரு விலை சொல்லு. நான் பேரம் பேசல."

 எப்சிபாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறவள்போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.